படத்தில் இல்லாத பேச்சு

டொரொன்டோவில் ஞாயிறு மதியம். லண்டனிலிருந்து வந்திருக்கும் நான் மழைக்கு ஒதுங்கிய சிறு திரையரங்கில், சாத்தானைப் பாடுவதாகப் பழிக்கப்படும் பிளாக் மெட்டல் என்ற அலறல் ராக் இசைக்காரர்களைப் பற்றிய ஆவணப்படம் ஓடுகிறது. பக்கத்து இருக்கையில் இதே நகரின் அஜின்கோர்ட் பகுதியிலிருந்து வந்த யாழ்ப்பாணத்து அன்ரி ஒருவர். அவருடைய மகள் அப்படியொரு குழுவில் பாடுகிறாளாம். இந்தப் படத்திலும் வருகிறாளாம்.

திரையில் ஒரு தேவாலயம் எரிகிறது. அடுத்து, கறுப்பர்களையும் குடியேறிகளையும் வெறுத்துப் பாடும் ஒரு குழு. உடனே, முகத்தில் வெள்ளையும் கறுப்பும் பூசிய அன்ரியின் மகள் அலறிப் பாடுகிறாள். சில நொடிகள்தான். அவள் பேசுவதாக எதுவும் இல்லை.

"பயமா இருக்கோ அன்ரி?" என்று மெல்லக் கேட்கிறேன்.

"எனக்கென்ன பயம்? உந்தப் பூச்சுப் பூசிவிட்டதே நான்தான். அந்த ஆக்களோட சேத்துக் காட்டினதுதான் பிழை."

படம் முடிந்ததும் இயக்குநரும் மகளும் மேடைக்கு வருகிறார்கள். அன்ரி எழுந்து தமிழிலேயே கேட்கிறார். மகளே அதை ஆங்கிலத்தில் சொல்கிறாள்.

"எங்கட வீட்டில வைச்சுத்தானே பேட்டி எடுத்தனீங்கள்? அந்த இனவெறிக் கூட்டத்தோட ஒரே மேடையில ஏறமாட்டன் எண்டு இவள் சொன்னதை ஏன் வெட்டினீங்கள்?"

நீளம் கருதி வெட்டியதாக இயக்குநர் சொல்கிறார். அந்தப் பகுதியை வீட்டுக்கு அனுப்பிவைக்கிறாராம்.

"எனக்கேன் அனுப்புறியள்? எனக்கு என்ர பிள்ளையைத் தெரியும்," என்று அரங்கைக் கைகாட்டுகிறார் அன்ரி. "இந்தச் சனத்துக்கெல்லோ காட்டவேணும்."

மகள் அதை அரங்கைப் பார்த்தே ஆங்கிலத்தில் சொல்கிறாள்.