ஊதா அடித்த நீலம்

சாயப்பட்டறையில் அவளுக்குத் தீர்ப்பு அக்கா என்று பெயர். சாயம் ஏறி வரும் துணியை, வாங்குகிறவர்கள் அனுப்பிய மாதிரித் துண்டோடு ஒட்டவைத்துப் பார்த்து, நிறம் ஒன்றுதானா என்று சொல்வது அவள் வேலை. இருபத்தாறு வருடமாக ஜன்னலோரம் நின்று ஒரே பார்வை. "சரி" அல்லது "சரியில்ல". "தோணுது", "போல இருக்கு" என்று யாராவது இழுத்தால் அவளுக்கு எரிச்சல் வரும். "தெரிஞ்சா தெரியும்னு சொல்லு, இல்லாட்டி வாயை மூடு" என்பாள். "இவ பேச்சுக்கு அப்பீல் கிடையாது" என்று கணவர் உறவுக்காரர்களிடம் சிரித்தபடி சொல்வார். சொல்லும்போது அவள் பக்கம் திரும்பமாட்டார்.

ஒருநாள் வெளிர்நீலத் துணி ஒன்றைச் சாயம் கலக்குகிறவர் தானே எடுத்து வந்தார். நாற்பது வயதுக்காரர்.

"அக்கா, எனக்கென்னவோ லேசா ஊதா அடிக்கிற மாதிரி இருக்கு. இன்னொரு தடவை பாருங்களேன்."

"ரெண்டும் ஒண்ணுதான். நீ கலக்கற வேலையைப் பாரு தம்பி, பாக்கற வேலையை நான் பாத்துக்கறேன்."

ஒரு துண்டை வெட்டி அட்டையில் ஒட்டிக் கையெழுத்திட்டாள். சரக்கு போயிற்று. மூன்றே வாரத்தில் அத்தனையும் திரும்பி வந்தது. நிறம் வேறு என்றார்கள்.

மேனேஜர் கேட்டபோது அவள் யோசிக்கக்கூட இல்லை. "நான் பாத்த துணி சரியா இருந்துச்சு. அப்புறம் அவர்தான் கலவையை மாத்தியிருக்காரு. அடிச்சுச் சொல்றேன்."

அட்டையை எடுத்துப் பார்க்கலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அக்காவே சொல்லிவிட்டாள், அப்புறம் என்ன? சாயக்காரரை அன்றே வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

மறுவருடம் அவளுக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். கட்டு அவிழ்த்த காலையில் ஆஸ்பத்திரிச் சுவர் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. அந்தக் கண்ணைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் பார்த்தாள். அதே சுவர் டீக்கறை படிந்தது போல மஞ்சளாகத் தெரிந்தது.

"இது எத்தனை நாளா இப்படி, டாக்டர்?"

"வருஷக்கணக்கா இருக்கும்மா. கொஞ்சம் கொஞ்சமா வர்றதால நமக்கே தெரியாது. நீலமும் ஊதாவும்தான் முதல்ல அடிபடும்."

மருந்துச்சீட்டைக் கணவர் கையில் திணித்துவிட்டு நேரே பட்டறைக்குப் போனாள். பழைய அட்டைகளைக் குடைந்து அந்தத் துண்டைக் கண்டுபிடித்து, மாதிரியோடு வெளிச்சத்தில் வைத்தாள். இடது கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். வலது கண்ணுக்கு, அவர் சொன்ன அதே ஊதா தெரிந்தது. கீழே இவளுடைய கையெழுத்து.

அட்டையை மேனேஜர் மேசையில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"முடிஞ்சுபோன விஷயம்க்கா. வேணும்னா 'ஒருவேளை தவறு நேர்ந்திருக்கலாம்'னு ஒரு வரி எழுதிக் குடுங்க, ஃபைல்ல போட்டுடலாம்."

"ஒருவேளையும் இல்ல, இருக்கலாமும் இல்ல சார். தப்பு என்னோடது. அவரைத் திரும்பக் கூப்பிடாம இந்த நாற்காலியை விட்டு எந்திரிக்க மாட்டேன்."

மேனேஜருக்கு அவளைத் தெரியும். மதியத்துக்குள் கடிதம் தயாராகிவிட்டது.

அதை அவளே கொண்டுபோனாள். சாயக்காரர் ஒரு சலவைக் கடையில் போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தார். கடிதத்தைப் படித்துவிட்டு, மடித்த போர்வையின் மேல் வைத்தார்.

"இன்னொரு தடவை பாத்திருக்கலாமேக்கா."

"பாத்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். கண்ணு மட்டும் காரணமில்ல தம்பி. நான் யாரையாவது கேட்டிருக்கணும்."

"எல்லாரும் என்னை ஏமாத்துக்காரன்னு பேசினாங்க."

"அதையும் நானே மாத்துறேன்."

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரையும் கூட்டிவைத்து, அட்டையைக் கைக்குக் கை கொடுத்து, நடந்ததைச் சொன்னாள்.

சாயக்காரர் வரச் சம்மதிக்கப் பத்து நாள் ஆயிற்று. வரும்போது நிபந்தனையோடு வந்தார்: இனி ஒவ்வொரு துண்டையும் இரண்டு பேர் பார்க்க வேண்டும், அட்டையில் சரி, தவறு என்ற கட்டங்களுக்குப் பக்கத்தில் "சந்தேகம்" என்றும் ஒரு கட்டம் வேண்டும். அவளே நின்று புது அட்டை அச்சடித்து வாங்கினாள்.

முதல் வாரமே ஒரு சாம்பல் நிறத்தில் இருவருக்கும் முட்டிக்கொண்டது. அவர் பச்சை ஓடுகிறது என்றார். இவள் இல்லை என்றாள். அரைமணி நேரம் மல்லுக்கட்டிய பிறகு பேனாவை எடுத்துப் புதுக்கட்டத்தில் குறி போட்டாள்.

"போய் இன்னொருத்தரைக் கூட்டிட்டு வா தம்பி. ஆனா ஒண்ணு, பச்சை இல்லவே இல்ல."