இரண்டு வருஷக் கைதட்டல்

எங்கள் ஆர்கெஸ்ட்ராவுக்கு வயது முப்பத்தெட்டு. பாடகர்கள் ஏழு பேர் மாறிவிட்டார்கள். டிரம்ஸ் வாசித்தவர் போய்ச் சேர்ந்து, அவர் மகன் வாசிக்கிறான். குழுவின் பெயர்கூட இரண்டு தடவை மாறியது. மாறாதவர் லீட் கிட்டார் பரசுராமன் அண்ணன் ஒருவர்தான். அடி அண்ணாமலை ஊர்க்காரர். பகலில் வேர்க்கடலைக் கொல்லை, சாயங்காலம் கிட்டார். நான் தனம், இருபத்தாறு வருஷமாக அதே மேடையில் பாடுகிறவள். அவரைக் கிண்டல் செய்ய எனக்கு உரிமை உண்டு.

அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. ஸ்பீக்கர் பாக்ஸை ஒட்டியே இத்தனை வருஷம் நின்றால் வேறென்ன ஆகும்? ஒப்புக்கொள்ள மாட்டார். "நீங்கதான் கம்மியா பேசறீங்க" என்று எங்கள் மேலேயே பழி போடுவார். தாளம் முந்தும், சுருதி விலகும். ஒரு திருவிழாவில் ஜனங்கள் வாய்விட்டே சிரித்தார்கள்.

அடுத்த கச்சேரியிலிருந்து நாங்கள் ஒரு காரியம் செய்தோம். அவர் சத்தம் வெளியே வராதபடி சவுண்ட் மிக்ஸரில் அவர் கிட்டார் லைனை அடைத்துவிட்டு, அவர் பங்கைக் கீபோர்டு திருமலையிடம் கிட்டார் டோனில் வாசிக்கச் சொன்னோம். அண்ணன் மேடை முன்னால் வந்து குனிந்து நிமிர்ந்து வாசிப்பார். சத்தம் பின்னாலிருக்கும் திருமலையிடமிருந்து வரும். ஊர் கை தட்டும். அண்ணன் கும்பிடுவார். நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தோம், பாவிகள்.

போன ஆடியில் வேங்கிக்கால் பக்கம் ஓர் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றிய அன்று சாயங்காலம் கச்சேரி. பாட்டு நடுவில், கிட்டார் மட்டும் தனியாக வருகிற இடத்தில், அவர் கிட்டாரில் கம்பி அறுந்தது. கையை எடுத்துவிட்டார். எதிரே ஜனங்கள் பாட்டுக்கு ஆடிக்கொண்டே இருந்தார்கள். மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். திருமலையின் வலது கை ஓடிக்கொண்டிருந்தது.

மேடையை விட்டு இறங்கியதும் என்னைக் கேட்டார். "எத்தினி நாளாம்மா இது?"

"ரெண்டு வருஷமாண்ணா" என்று அவர் காதருகே கத்தினேன். கத்திச் சொல்கிற விஷயமா அது? எனக்கு உடம்பே கூசிப்போனது.

"அப்போ அத்தினி கைதட்டலும் அவனுதா?"

"நீங்க மனசு கஷ்டப்படுவீங்கன்னுதாண்ணா..." என்று திருமலை இழுத்தான். அண்ணன் கிட்டாரைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். மூன்று வாரம் போன் எடுக்கவில்லை. இனி அவர் வரமாட்டார் என்றே முடிவு கட்டிவிட்டோம்.

ஆவணியில் செங்கம் ரோட்டில் அடுத்த கச்சேரி. வெறுங்கையோடு மேடையேறி வந்து நின்றார். என்னிடமிருந்து மைக்கை வாங்கினார்.

"ரெண்டு வருஷமா நீங்க எனக்குத் தட்டினதெல்லாம் இவனுக்குச் சேர வேண்டியது. இவன் பேரு திருமலை."

அவ்வளவுதான். இறங்கிப் போய் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

பாட்டு தொடங்கியது. தூக்கத்தில் எழுப்பினாலும் வாசிக்கிற இடத்தில் திருமலை அன்றைக்குத் தப்புத்தப்பாக வாசித்தான். கூட்டம் முணுமுணுத்தது. பரசுராமன் அண்ணனுக்கு அது எதுவும் கேட்கவில்லை. அவர் ஒருவர்தான் எழுந்து நின்று கை தட்டினார்.