லிவ்வா, லீவ்வா?

சாரல் காலத்தில் ஹெட்ஃபோன் காதில் சில்லென்று ஒட்டும். ஈரமும் வியர்வையும் கலந்த ஒரு வாடை... தென்காசி டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான்.

அறுபதுகளின் நடுவில். சொந்த ஊர் திருச்சி. அம்மா இல்லை, அண்ணன் கல்யாணமாகித் தனியே போய்விட்டார். ஆபரேட்டர் வேலை தென்காசியில் கிடைத்தது. ஒரு வீட்டு மாடியில் வாடகை அறை. பகலெல்லாம் ஊரே என் காதுக்குள் பேசும். ஒரு குரல்கூட என்னைத் தேடி வந்ததில்லை.

பயிற்சியில் இங்கிலீஷ் உச்சரிப்பும் உண்டு. ஷிப், ஷீப். ஃபில், ஃபீல். மற்றதில் தடுமாறினாலும் இதில் நான் தடுமாறவில்லை. குறிலும் நெடிலும் நமக்குத் தாய்ப்பாலோடு வந்ததாயிற்றே. எல்லா ஊர்க்காரர்களுக்கும் அப்படியில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

ஒருநாள் காலையில் வடகரையிலிருந்து ஒரு விவசாயி வந்தார். பட்டாளத்தில் இருந்த மகன் கல்கத்தா பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபத்தான நிலையில் இருப்பதாகத் தந்தி வந்திருந்தது. ட்ரங்க் கால் புக் செய்துவிட்டு வாசல் பக்கத்து பூத்தில் உட்கார்ந்திருந்தார். பல ஊர் எக்ஸ்சேஞ்ச் தாண்டி லைன் கிடைக்க மத்தியானமாகிவிட்டது. மறுமுனையில் ஒரு வங்காளி டாக்டர். அவருக்குத் தமிழ் தெரியாது, இவருக்கு இங்கிலீஷ் தெரியாது. நடுவில் நான்.

லைனில் ஒரே இரைச்சல். அதற்குள்ளிருந்து டாக்டர் சொன்னார்.

"ஆபரேஷன் ஓவர். ஹி வில் லீ...ப்."

லிவ்வா, லீவ்வா? பிழைத்துவிடுவான் என்கிறாரா, போய்விடுவான் என்கிறாரா? திரும்பக் கேட்டேன். குறிலுமில்லாமல் நெடிலுமில்லாமல் அதே சத்தம். வ-வைப் ப-வாகச் சொல்லும் அவர் வாயில் இரண்டும் ஒன்றாகவே விழுந்தன.

"என்ன சொல்லுதாரு தாயி? எதுன்னாலும் சொல்லிரு."

தெரியாத ஒன்றை எப்படிச் சொல்வது? கொஞ்சம் பொறுங்கள் ஐயா என்று அவரிடம் சொல்லிவிட்டு, எழுத்துக் கூட்டிச் சொல்லும்படி டாக்டரிடம் கேட்டேன். அவருக்கு எரிச்சல். நேரம் முடிந்தது என்று மெட்ராஸ் ஆபரேட்டர் வேறு குறுக்கே வந்தாள். கெஞ்சினேன்.

"எல் ஃபார் லண்டன்," என்றார் டாக்டர். "ஐ ஃபார் இந்தியா..."

அதோடு லைன் போய்விட்டது. எனக்கு அது போதும்; லீவ் என்றால் இரண்டாவது எழுத்து ஈ வந்திருக்கும்.

"உங்க மகன் பொழச்சுக்குவாருங்கய்யா."

பூத் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. அப்புறம், "அவன் ஆத்தா பச்சத்தண்ணி குடிக்காம கெடக்கா. நான் போயிச் சொல்லணும்." நான் ஜன்னலுக்கு வருவதற்குள் மனிதர் சாரலில் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார்.

யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. லைனில் கேட்டதை வெளியே பேசக் கூடாது என்பது விதி. பேசலாம் என்றாலும் யாரிடம்? அறைக்குப் போய்ச் சோற்றைப் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

லீவு நாளில் தனியாகக் குற்றாலம் போனேன். பெரிய அருவியில் பெண்கள் பக்கம் நல்ல கூட்டம். தண்ணீர் சத்தத்தில் ஒன்றும் கேட்காது என்ற தைரியத்தில், பிழைத்துவிட்டான், பிழைத்துவிட்டான் என்று வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்தில் நின்ற அம்மாள் திரும்பினாள்.

"யாருகிட்ட பேசுதிய?"

யாரிடமும் இல்லை என்றேன். அவள் வேறொன்றும் கேட்கவில்லை. என் கையைப் பிடித்து, தண்ணீர் கனமாக விழும் இடத்துக்கு இழுத்து நிறுத்தினாள். தென்காசிக்கு வந்த பிறகு என்னை ஒருவர் தொட்டது அதுதான் முதல்.

இப்போது சென்னையில் ஃபிளாட். மகன் கனடாவிலிருந்து வீடியோ காலில் வருகிறான். முகம் தெரிகிறது, இரைச்சலே இல்லை. மாத்திரை போட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறான். ஒரு சொல்லுக்காக யாரும் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை...

அந்தப் பட்டாளத்துப் பையனை நான் பார்த்ததேயில்லை. இன்று எண்பதைத் தாண்டியிருப்பார். வடகரைப் பக்கத்துக்காரர்கள் இதைப் படித்தால், அவர் இருக்கிறாரா என்று மட்டும் விசாரித்துச் சொல்லுங்கள்.