கசிவில் பேசியவர்கள்

கட்டைவிரல் நகத்தால் மஞ்சள் உறையைக் கீறி, உள்ளே இருந்த கண்ணாடி இழையை உருவிக்கொண்டிருந்தார் லைன்காரர். தலைமுடி கனம்தான் இருக்கும். சமையலறை மேசையிலிருந்து மனைவியின் கட்டில்வரை அதை இழுத்துச் சுவரோரமாக ஒட்டியிருந்தார். அப்படி ஒட்டச் சொன்னது நான்தான். நோயாளியைப் பார்த்துக்கொள்ள வந்தவள் கால் தடுக்கி விழுந்தால் யார் பார்த்துக்கொள்வது?

பூமிக்கடியில் போகும் ஃபைபர் கேபிள்களை இணைத்தே ஓய்வு பெற்றவர். இன்னும் சட்டைப்பையில் பேனா இருக்காது, இழை எங்கே ஒடிந்திருக்கிறதோ அங்கே வெளிச்சம் காட்டும் சிவப்பு டார்ச் இருக்கும். கடைக்குப் போகிற வழியில் கேபிள் குழி எதுவும் திறந்து கிடந்தால், குனிந்து எட்டிப் பார்க்காமல் நகரமாட்டார்.

மனைவியும் அதே கம்பெனி. இவர் குழிக்குள், அந்த அம்மாள் மறுமுனையில், எக்ஸ்சேஞ்ச் அறையில். இழையைக் கவ்வும் கிளிப் வைத்த பேச்சுப்பெட்டி ஆளுக்கொன்று.

"வெட்ட வேணாம் சிஸ்டர், லேசா வளைச்சாப் போதும். வெளிச்சம் கொஞ்சம் கசியும். அதே வளைவுல உள்ளயும் அனுப்பலாம். அந்தக் கசிவுலதான் நாங்க பேசிக்கிட்டது."

முகம் பார்க்குமுன்பே குரல் பழகிவிட்டதாம். பேசுமுன் மைக்கில் இரண்டு முறை ஊத வேண்டும். பதிலுக்கு ஒரு ஊதல் வந்தால் அங்கே ஆள் இருக்கிறது. "அவ ஊதுற தினுசுலயே தெரிஞ்சிடும், இன்னிக்கு எனக்குத் திட்டு இருக்குன்னு."

பக்கவாதம் வந்ததிலிருந்து அந்த அம்மாளுக்குப் பேச்சில்லை. உதடு வலுப்பெறட்டும் என்று தண்ணீரில் ஸ்ட்ரா வைத்து ஊதச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். டாக்டரும் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம் என்றுவிட்டார். பேச்சு வராவிட்டால் போகிறது, தன்னை அடையாளம் தெரிகிறதா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றார் லைன்காரர். பரணிலிருந்து அந்தப் பழைய பேச்சுப்பெட்டிகள் இரண்டையும் இறக்கினார்.

அன்று மாலை அம்மாளுக்கு நான் ஹெட்போனை மாட்டி மைக்கை உதட்டருகே பிடித்தேன். சமையலறையிலிருந்து இவர் இரண்டு முறை ஊதினார். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு அம்மாளின் உதடு கோணலாகக் குவிந்தது. ஊதினார்.

சமையலறைக்குப் போனேன். லைன்காரர் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஊதினாங்கண்ணே."

"ஆறுதலுக்குச் சொல்றீங்க."

"ஆறுதல் சொல்றது என் வேலை இல்ல. உங்க லைனைப் பாருங்க."

சிவப்பு டார்ச்சை இழையின் நுனியில் வைத்தார். கிளிப்புக்குள் சிவப்பாகப் பொங்கி நின்றது வெளிச்சம். பதில் வராத பதைப்பில், இன்னும் நன்றாகக் கேட்கட்டும் என்று கிளிப்பை அழுத்தியிருக்கிறார், இழை ஒடிந்துவிட்டது.

"எத்தனை பேரை இதுக்குத் திட்டியிருக்கேன்" என்றார். பிறகு, மெல்ல, "நெசமா ஊதுனாளா?"

மறுநாள் காலை பாலை அடுப்பில் வைத்துவிட்டு, ஒடிந்த துண்டை நறுக்கினார். மிச்ச இழையைக் கிளிப்பில் வைத்து, மூடியை விரல்நுனியால் மட்டும் சாத்தினார். நான் கட்டிலருகே மைக்கோடு நின்றேன். இவர் ஊதியதும் அம்மாளின் உதடு இம்முறை சீக்கிரமே குவிந்து ஊதியது. சமையலறையிலிருந்து சத்தமே இல்லை. தீய்ந்த வாடைதான் வந்தது.

மைக்கை அம்மாளின் உதட்டருகே தலையணையில் சாய்த்துவிட்டு ஓடினேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துகொண்டிருந்தது. லைன்காரர் கண்ணை மூடி, இரண்டு கையாலும் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டிருந்தார். அடுப்பை அணைக்க நான் கையை நீட்டியதும், கண்ணைத் திறக்காமலே ஒரு விரலைத் தூக்கி, சத்தம் போடாதே என்று காட்டினார்.