இருக்கிற இடத்தில் பதியுங்கள்

நான் வாய் திறந்தால் கல்லும் எழும்பிப் போய் வாக்குப் போடும் என்று எங்கள் அலுவலகத்தில் பகிடி பண்ணுவார்கள். பெண்களை அரசியலுக்குள் கொண்டுவருவதற்காக வேலை செய்கிற சின்ன அமைப்பு எங்களுடையது. திருகோணமலையைச் சுற்றியுள்ள ஊர்களில் கூட்டம் வைத்து, வாக்குரிமையைப் பற்றி வாய் கிழியப் பேசுவது என் வேலை. அந்த வாயாலேயே ஒரு மனுசியின் காணியைப் பறித்துவிட்டேன். வேறு எப்படிச் சொன்னாலும் அது பொய்.

அந்த அக்கா அன்புவழிபுரத்தில் ஒரு வாடகை அறையில் இருந்தார். பஸ் நிலையத்தடியில் கருவாடு விற்பார். சொந்த ஊர் சல்லி. சண்டைக் காலத்தில் ஓடிவந்தபோது வீடும் போனது, காணிப் பத்திரமும் போனது. கடற்கரையோரம் தாய் குடியிருந்த வெறும் நிலம் மட்டும் மிச்சம். பக்கத்து வளவில் தம்பி இருந்தான். ஒவ்வொரு வருடமும் வாக்காளர் பெயர்ப்பட்டியலான இடாப்புக்குப் படிவம் வரும்போது, தன் வீட்டாரோடு அக்காவின் பெயரையும் எழுதிக் கொடுப்பான். எங்கள் பக்கத்தில் இது வழக்கம். இடம்பெயர்ந்தவர்கள் ஆள் ஓரிடமும் பெயர் ஓரிடமுமாகத்தான் இருப்பார்கள். தேர்தலன்று அக்கா சல்லிக்குப் பஸ் ஏறுவார். வாக்கைப் போட்டுவிட்டுக் காணியைக் கூட்டி, சருகை எரித்துவிட்டுப் பின்னேரம் திரும்புவார்.

எனக்கு இது அறவே பிடிக்கவில்லை. அவருடைய அறைக்கு முன்னால் வடிகான் மூடியில்லாமல் கிடந்தது. மழை பெய்தால் நாற்றத் தண்ணீர் பாய் வரைக்கும் வரும். அந்தப் பகுதிச் சபை உறுப்பினரிடம் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் இடாப்பைப் பார்த்துவிட்டு, "அம்மா எங்கட வாக்காளர் இல்லையே" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குச் சுருக்கென்று தைத்தது. அடுத்த கூட்டத்தில் அக்காவைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆத்தில ஒரு கால் சேத்தில ஒரு கால் எண்டு நிக்கேலாது அக்கா. இருக்கிற இடத்தில பதிஞ்சாத்தான் உங்கட கதை எடுபடும்."

"பேர் அங்கயே கிடக்கட்டுமே பிள்ளை. தம்பியும் கோவிப்பான்."

"சட்டமே இருக்கிற இடத்திலதான் பதியச் சொல்லுது. பயப்படாதேங்கோ, நான் இருக்கிறன்."

நான் இருக்கிறேனாம். இன்றைக்கு நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அக்கா மாற்றிப் பதிந்தார். அக்காவைப் போலச் சல்லியிலிருந்து இடம்பெயர்ந்து, அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்த மற்றப் பெண்கள் நான் சொன்னதற்கெல்லாம் "ஓம், ஓம்" என்று தலையாட்டினார்கள், தேத்தண்ணியைக் குடித்தார்கள், வீட்டுக்குப் போய் ஒன்றுமே செய்யாமல் இருந்துவிட்டார்கள். அவர்களுக்கு விழிப்புணர்வு போதாது என்று அறிக்கையில் எழுதினேன். அக்காவோ அன்புவழிபுரத்தில் வாக்குப் போட்டார். உறுப்பினரும் வந்தார், வடிகானுக்கு மூடியும் வந்தது. சந்தோசத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் ஆண்டறிக்கையின் அட்டையில், மை பூசிய விரலைக் காட்டிக்கொண்டு அக்கா நின்றார்.

அவர் பெயரை மாற்றி மூன்று வருடம் கழித்துத்தான் சல்லிப் பக்கத்தில் பத்திரம் இல்லாதவர்களுக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்கப்போகிறார்கள் என்று காணிக் கச்சேரி வைத்தார்கள். அவரவர் தங்கள் இடத்துக்கு அத்தாட்சி காட்டவேண்டிய விசாரணை அது. அக்காவுக்குத் துணையாக நானும் போனேன். அத்தாட்சி என்று அவர்கள் கேட்டது வாக்காளர் இடாப்பை.

"கடைசி மூண்டு வருசமும் சல்லியில பேர் இல்லையே அம்மா" என்றார் அதிகாரி.

நான் கதிரையை விட்டு எழும்பினேன். "நான்தான் ஐயா மாத்தச் சொன்னனான். அவவில பிழையில்லை. சட்டப்படி இருக்கிற இடத்தில..."

"ஓம் மிஸ், நீங்கள் சொன்னது சரி. இருக்கிற இடத்திலதான் பதியவேணும். அவ இருக்கிற இடம் அன்புவழிபுரம் எண்டு அவவே கையெழுத்து வச்சிருக்கிறா. அதைத்தான் நானும் சொல்லுறன்."

கெட்ட மனிசனாக இருந்திருந்தால் சண்டை பிடித்திருப்பேன். அவர் என் பாடத்தை எனக்கே பொறுமையாகச் சொல்லித் தந்தார். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்ப் பெயரைச் சல்லியிலேயே விட்டுவைத்த பெண்களுக்கு ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிட்டு, காணி உண்டு என்று ஓம் சொன்னார்கள். அவர்களும் சல்லியில் குடியிருக்கவில்லை என்று சொல்ல எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அப்படியும் ஒரு கணம் நினைத்தேன். பிறகு விழுங்கிக்கொண்டேன்.

வெளியே வந்ததும் அக்கா ஏசவில்லை. ஏசியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். "இனித் திருப்பிச் சல்லியில பதிஞ்சாக் காணி வருமா மிஸ்?" என்று மட்டும் கேட்டார். அதுவரைக்கும் நான் அவருக்குப் பிள்ளை. அன்றிலிருந்து மிஸ்.

மேன்முறையீடு எழுதினேன். திரும்பவும் எழுதினேன். போகிற நேரமெல்லாம் மேலிடத்துக்கு அனுப்பியாயிற்று என்கிறார்கள். போன மாதம் அந்தக் காணியைச் சுற்றி யாரோ கம்பிவேலி அடித்துவிட்டதாகத் தம்பி சொல்லியனுப்பினான். எங்கள் பணிப்பாளர் என்னைக் கூப்பிட்டு, இதையெல்லாம் மனதில் எடுக்கவேண்டாம், அடுத்த தேர்தலுக்கு ஆயத்தப்படுத்துங்கள் என்றார்.

ஆயத்தப்படுத்தினேன். வேறு வேலை எனக்குத் தெரியாது. அதே மண்டபம், அதே பாடம். யாரும் கூப்பிடாமலே அக்கா வந்து முன்வரிசையில் இருந்தார். பாதிப் பேச்சில், கிண்ணியாப் பக்கத்திலிருந்து வந்து இங்கே வாடகைக்கு இருக்கிற ஓர் இளம் பெண், இடுப்பில் குழந்தையோடு எழும்பினாள்.

"மிஸ், எங்கட காணி அங்க கிடக்கு. நான் பேரை இஞ்ச மாத்திறதோ, அங்கயே விடுறதோ?"

மாற்று என்றால் காணி போகும். மாற்றாதே என்றால் இங்கே இவளுக்காகக் கதைக்க ஒருவரும் வரமாட்டார்கள். இரண்டும் எனக்கு நன்றாகத் தெரியும். மண்டபமே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அக்கா திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்தார். குரலில் கோபம் துளியும் இல்லை.

"மிஸ்ஸைக் கேக்காத பிள்ளை. மிஸ்ஸுக்குக் காணி இருக்கு."

அந்தப் பெண் உட்காரவில்லை. குழந்தையை மற்றப் பக்க இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, இன்னும் என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.