கிரேஸ் கொடுத்த இருபத்தெட்டு ஸ்வீட் பாக்ஸ்

நடந்த குளறுபடியில் பாதிக்கு மேல் என் கைங்கரியம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கிரேஸ் அதைச் சொல்லமாட்டாள். அவள் எதையுமே வாய்விட்டுச் சொல்லமாட்டாள். அவள்மேல் எனக்கு இருக்கும் ஒரே கோபம் அதுதான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்னால் எங்கள் லைன் வீட்டில் ஆறு குடித்தனம். முதல் வீட்டில் நான் இட்லி மாவு அரைத்து விற்கிறேன். மூன்றாவது வீட்டுக்கு நாலு வருஷத்துக்கு முன்னால் குடிவந்தவள் கிரேஸ். சொந்த ஊர் கடம்பத்தூர் பக்கம். கணவன் எபினேசருக்கு இரும்புக் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. இவள் வேறொரு கம்பெனியின் கேன்டீனில் காய் நறுக்குகிறாள். வந்து ஆறு மாதம்வரை அவள் குரல் எப்படியிருக்கும் என்றே எனக்குத் தெரியாது. மாவு வேண்டுமென்றால் பாத்திரத்தை நீட்டுவாள், சில்லறையை வைப்பாள், போய்விடுவாள். வாயில் என்ன கொழுக்கட்டையா என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். சிரித்தாள். அதற்குப் பிறகுதான் ஒரு வார்த்தை, அரை வார்த்தையாகப் பேச்சு வந்தது.

அவள் மகள் ஜெபா போன ஜூனில் யூ.கே.ஜி. சேர்ந்தாள். வீட்டில் அந்தக் குழந்தை பேசும் பேச்சுக்கு அளவே கிடையாது. என் கிரைண்டரிடம்கூட பேசும். ஆனால் பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் வாயைப் பூட்டிக்கொண்டுவிடும். அட்டெண்டன்ஸ் எடுத்தால் கையை மட்டும் தூக்குமாம். ஆறு மாதத்தில் கூடப் படிக்கும் ஒரு பிள்ளையிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. மற்ற பிள்ளைகளும் எத்தனை நாள்தான் பார்ப்பார்கள்? விளையாட்டில் சேர்த்துக்கொள்வதையே விட்டுவிட்டார்கள். ஒரே ஒரு பிள்ளையோடு பழகிவிட்டால் போதும், மற்றது தானாக வரும் என்று மிஸ் சொல்லி அனுப்பினார். அந்த ஒரு பிள்ளைக்கு எங்கே போவது என்று கிரேஸ் ராத்திரி பகலாகக் கவலைப்பட்டாள். கவலைப்பட்டதையும் வாயால் சொல்லவில்லை. முகம் சுண்டிப்போயிருந்ததை வைத்து நானாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முந்தின நாள் வகுப்பில் எல்லோருக்கும் ஏதாவது கொடுக்கலாமென்று முடிவுசெய்தாள். வசதியானவர்கள் பென்சில் பாக்ஸ், தண்ணீர் பாட்டில் என்று கொடுப்பார்கள். இவளால் அது முடியாது. ஆனால் ஒன்றைக் கவனித்து வைத்திருந்தாள். சப்பாத்திக்குப் பிசையும்போது ஒரு உருண்டை மாவைக் கையில் கொடுத்துவிட்டால் ஜெபாவின் வாய் மூடாது. யானை செய்யும், பஸ் செய்யும், அந்த பஸ்ஸில் யார் யார் போகிறார்கள் என்று கதை சொல்லும். அதனால் விளையாட்டு மாவு செய்து வகுப்புக்கே கொடுத்தால் என்ன என்று யோசித்திருக்கிறாள். கையில் மாவு இருந்தால் ஜெபா பேசுவாள், பேசினால் யாராவது சேர்த்துக்கொள்வார்கள். அவள் போட்ட கணக்கு இவ்வளவுதான்.

என் அடுப்பில்தான் செய்தோம். மைதாவுக்குப் பாதி உப்பு. அப்போதுதான் பத்து இருபது நாள் கெடாமல் இருக்குமாம். எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் விட்டுக் களி கிண்டுவது மாதிரி கிண்டி, கையில் ஒட்டாத பதத்தில் இறக்கினாள். மஞ்சளுக்கு மஞ்சள்தூள், சிவப்புக்கு பீட்ரூட், பச்சைக்கு முருங்கைக்கீரை. நீலத்துக்கு வேலியில் பூத்த சங்குப்பூ. எலுமிச்சை பட்டதும் நீலம் ஊதாவாகிவிட்டது. ஜெபா கைதட்டியது. இப்போது என் பங்கு. பச்சை மாவு வாசனை குழந்தைகளுக்குப் பிடிக்காது, ஏலக்காய் போடு என்றேன். போட்டாள். எதில் வைத்துக் கொடுப்பது என்று முழித்தாள். அண்ணன் மகனின் காதுகுத்துக்கு வாங்கி மீந்துபோன ஸ்வீட் பாக்ஸ் என் பரணில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். பாக்ஸுக்கு நாலு நிறத்தில் நாலு உருண்டை, இருபத்தெட்டு பாக்ஸ். லட்டு தோற்றது போங்கள். எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. வகுப்பிலேயே திறப்பார்கள், ஜெபா உருட்டிக் காட்டும் என்று நினைத்து ஒரு துண்டுச்சீட்டுகூட எழுதி வைக்கவில்லை.

ஆனால் வீட்டிலிருந்து வரும் தின்பண்டத்தை வகுப்பில் பிரிக்கக் கூடாது என்று அந்தப் பள்ளியில் ஒரு விதி. மிஸ் பாக்ஸைப் பார்த்தார், ஏலக்காய் வாசனையை முகர்ந்தார், அப்படியே ஒவ்வொரு பையிலும் வைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். கிறிஸ்தவர்கள் வீட்டிலிருந்து கிறிஸ்துமஸுக்குப் பலகாரம் வருவது இந்தப் பக்கத்தில் வழக்கம்தானே. யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

சாயங்காலம் கிரேஸ் போனைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். வகுப்பு அம்மாக்களின் வாட்ஸ்அப் குரூப்பில் மெசேஜ் குவிந்திருந்தது. ஸ்வீட் சூப்பர், ரொம்ப டேஸ்ட், எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடித்தது என்று பத்துப் பன்னிரண்டு பேர். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோனது. கண் நிறைந்திருந்தது. உப்புக் கட்டியை வாயில் வைத்துத் துப்பிவிட்டு, மரியாதைக்காக நன்றாயிருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். அது தின்பதற்கு இல்லை என்று குரூப்பில் ஒரு வாய்ஸ் போட்டுவிடு என்றேன். முடியாதென்று தலையை ஆட்டினாள்.

“இத்தினி பேரு டேஸ்ட்டுன்னு சொல்லிட்டாங்கக்கா. இப்ப நான் போயி சொன்னா அவங்களுக்கு அசிங்கம் ஆயிடும்ல?”

கோபம் கோபமாக வந்தது எனக்கு. ஊர் அசிங்கத்தைப் பற்றிக் கவலைப்பட இவளுக்கு எங்கேயிருந்து நேரம் கிடைக்கிறது? ஆனால் என்ன செய்ய, பாக்ஸ் என்னுடையது, ஏலக்காயும் என்னுடையது. வாயை மூடிக்கொண்டு அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். உருண்டையெல்லாம் இந்நேரம் குப்பைக்குப் போயிருக்கும் என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் காலையில் நான் மாவு பாக்கெட் கட்டிக்கொண்டிருந்தபோது, ஸ்கூட்டியில் ஒரு பெண் வந்து ஜெபா அம்மா வீடு எது என்று கேட்டாள். பெயர் சோனியா. பின்னால் அவள் மகள் இளமதி, ஜெபாவின் வகுப்பு. கையில் எங்கள் ஸ்வீட் பாக்ஸ். எனக்குப் பகீரென்றது. சண்டைக்கு வந்திருக்கிறாள் என்றே நினைத்து, எதற்கும் இருக்கட்டும் என்று நானும் கூடவே போனேன். கிரேஸ் கதவைத் திறந்து, பாக்ஸைப் பார்த்து, தலையைக் குனிந்துகொண்டாள்.

“ஜெபாம்மா, தப்பா எடுத்துக்காதீங்க,” என்றாள் சோனியா. “வேகவச்சுத் துன்ற பலகாரம்னு நெனச்சு ஒண்ணு எண்ணெயில போட்டு எடுத்தேன், ஒண்ணு ஆவியில வச்சேன். ரெண்டும் வேகவே இல்ல, உப்பு வேற ஜாஸ்தி. எல்லாரும் சூப்பர்னு போட்டுக்கினு கீறாங்க, எனக்குத்தான் செய்யத் தெரியலயோன்னு கேக்கலாம்னு வந்தேன்.”

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து ஜெபா வந்தது. நேராக இளமதியிடம் போய் பாக்ஸில் மீதியிருந்த மஞ்சள் உருண்டையை எடுத்தது.

“இது துன்றதுக்கு இல்ல. இப்பிடி உருட்டணும். நான் யானை பண்ணுவேன், நீ இன்னா பண்ணுவ?”

இளமதி ஜெபாவின் முகத்தையே பார்த்தது. “உனுக்குப் பேச வருமா?” என்று கேட்டது.

“வரும்,” என்றது ஜெபா. இரண்டும் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டன. யானைக்கு ஊதா உருண்டையில் காது வைத்தன. அதற்குப் பிறகு யார் பேசுகிறார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாத அளவுக்கு இரைச்சல்.

விஷயத்தை நான்தான் சோனியாவுக்கு விளக்கினேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்து, அங்கேயே நின்று குரூப்பில் வாய்ஸ் போட்டாள். அவ்வளவுதான், ஒவ்வொருவராக உண்மையைக் கக்கினார்கள். ஒருத்தி நாலையும் சேர்த்துச் சப்பாத்தி இட்டிருக்கிறாள். ஒருத்தி வீட்டில் மாமனார் பிரஷர்காரர், அவருக்குத் தெரியாமல் எடுத்து ஒளித்துவைத்திருக்கிறார்கள். ஏழெட்டுப் பேர் இன்னும் பத்திரமாக இருக்கிறது, பிள்ளையிடம் விளையாடக் கொடுத்துவிடுகிறோம் என்றார்கள். சோனியாவும் இளமதியும் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். ஊரெல்லாம் மரியாதை பார்த்தபோது வேகவில்லை என்று சொல்ல வந்தாளே, அவளுக்கு ஆயுசுக்கும் ஓசியில் மாவு கொடுத்தாலும் தகும்.

கிரேஸ் வீட்டு பிரியாணிக்கு வருஷா வருஷம் நான் தவறாமல் ஆஜர். இந்த கிறிஸ்துமஸுக்கு ஆராதனைக்கும் வரச்சொன்னாள். ஷீட் போட்ட சின்ன சபை. பாட்டு முடிந்ததும் சாட்சி சொல்கிறவர்கள் சொல்லலாம் என்றார் பாஸ்டர். கடவுள் செய்த நன்மையை எழுந்து நின்று சொல்வதுதான் சாட்சியாம். வேலை கிடைத்தவர், காய்ச்சல் குணமானவர் என்று நாலைந்து பேர் சொன்னார்கள். அப்போது கடைசி வரிசையில், எனக்குப் பக்கத்தில், முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கிரேஸ் எழுந்தாள். எபினேசர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் அவள் அங்கே வாய் திறந்ததே இல்லையாம். குரல் தெளிவாக வந்தது.

“நான் ஏழாவதோட ஸ்கூல்ல இருந்து நின்னுட்டேன். யாருகிட்டயும் பேசமாட்டேன், அதனால நான் நின்னது கூடப் படிச்ச ஒரு புள்ளைக்கும் தெரியாது. எம் பொண்ணு ஒருநாள் வரலன்னா, ஏன் வரலன்னு கேக்கறதுக்கு இப்ப ஒரு புள்ள கீது. அதுக்கு ஸ்தோத்திரம்.”