நாயகியை வழியனுப்பிய பஸ் அக்கா

இன்று காலை சிதம்பரம் பஸ்ஸில், ஆங்கிலத்தில் வந்திருக்கும் படங்களோடு நகரும் கதை விளையாட்டான ஒரு ஜப்பானிய விஷுவல் நாவலைப் போனில் படித்துக்கொண்டிருந்தேன். ஸ்டேஷனில் அழுதபடி ஊரை விட்டுப் போகும் நாயகியை நாயகன் தடுப்பதா, அனுப்புவதா என்பதைப் படிக்கிறவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இதுவரை மூன்று முறை தடுத்திருக்கிறேன். மூன்று முறையும் சோக முடிவு.

பக்கத்து சீட் அக்கா கடலூரிலிருந்தே என் போனைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்.

"ஏம்மா, அந்தப் பொண்ணு இன்னாத்துக்கு அழுவுது?"

கதையைச் சொன்னேன்.

"பையன் இன்னா பண்றான்?"

"காலேஜ் கடைசி வருஷம்க்கா. பரீட்சை நடக்குது."

"பரீட்சைய வச்சிகிட்டு ஸ்டேஷன்ல அவனுக்கு இன்னா வேல? பாஸ் பண்ணிட்டுப் போயி பாக்கட்டும். அனுப்புறது எது, இதுவா?"

நான் தலையாட்டுவதற்குள் தொட்டுவிட்டார்.

புதுச்சத்திரம் வருவதற்குள் கதையில் இருவருக்கும் கல்யாணமே ஆகிவிட்டது.

இறங்கும்போது கேட்டார்: "நீ எங்கம்மா போற?"

"அரியர் எழுதக்கா."

நாயகனைப் பார்த்த அதே பார்வை.

நல்ல முடிவு கிடைக்காமல் தவிக்கும் நண்பர்கள் இந்த பஸ்ஸில் ஏறலாம். எங்கே போகிறாய் என்று கேட்டால் மட்டும், கோயிலுக்கு என்று சொல்லிவிடுங்கள்.